ஒன்பது சார்ட்டும் ஒரு பருப்புக் கேள்வியும்

கேள்வி: கடலோரக் கிராமம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 38 பிள்ளைகள். இந்த வருஷம், ‘நீங்களே ஒரு கேள்வி எடுங்கள், நீங்களே விடை தேடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்’ என்று சொல்லி மூன்று வாரம் விட்டேன். ஒன்பது குழுக்களிடமிருந்து ஒன்பது சார்ட் வந்தது. ஐந்து புவி வெப்பமயமாதல், இரண்டு எரிமலை, மற்ற இரண்டு பிளாஸ்டிக் ஒழிப்பு. பாதிக்கு மேல் பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளைதான் வேலை பார்த்திருக்கிறது. ‘பாடத்தை முடிங்க டீச்சர்’ என்கிறார் தலைமையாசிரியர். வகுப்பில் செய்யும் வேலைகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண் போட வேண்டும், எதற்குப் போடுவது என்று தெரியவில்லை. பரிசு அறிவித்தால் ஆர்வம் வருமா? இதனால் பிள்ளையிடம் என்ன வளர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதெல்லாம் வசதியான தனியார் பள்ளிகளுக்கு மட்டும்தானோ?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் கையில் கிடைத்த பொருளை வைத்துச் சோதனை செய்து, தாங்களே விடை எழுதினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரை உருவாக்கி, மனதில் தோன்றும் கேள்விகளை எல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதச் சொன்னார்கள், பதிலும் போனது. 2002இல் அரசு நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் அந்தத் திட்டம் அரசுப் பள்ளிகளில்தான் நடந்தது. எனவே பணம் இங்கே தடை இல்லை. உங்கள் வகுப்பில் தடையாக நின்றது வேறு.

நீங்கள் பிள்ளைகளைக் கேள்வி கொண்டுவரச் சொன்னீர்கள், அவர்கள் தலைப்பு கொடுத்தார்கள். ‘புவி வெப்பமயமாதல்’ ஒரு தலைப்பு. அதை வைத்துக்கொண்டு பதிமூன்று வயதுப் பிள்ளை செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதுவது. அது அவர்களின் சோம்பல் இல்லை. ஏழு வருஷமாகக் கேள்வியை ஆசிரியர் கேட்டு, பதிலைப் புத்தகம் சொல்லி வந்த இடத்தில், திடீரென்று ‘எல்லாம் உன் இஷ்டம்’ என்றால் தெரிந்த வழியில்தான் போவார்கள். புதிதாகக் கற்பவரிடம் வழிகாட்டலே இல்லாமல் எல்லாவற்றையும் ஒப்படைத்தால், எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே மூளையின் தெம்பு தீர்ந்துவிடுகிறது என்று கற்றல் ஆய்வாளர்கள் பலர் வாதாடியிருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ‘குறுக்கே வரமாட்டேன்’ என்ற உங்கள் வாக்குறுதிதான் இந்த மூன்று வாரத்தின் பெரிய பிழை. கேள்வி பிள்ளையுடையதாக இருக்கட்டும். அந்தக் கேள்வியை அளவாக வெட்டித் தருவது உங்கள் வேலை.

வெட்டுவது எப்படி என்பதற்கு உங்கள் ஊருக்குப் பொருந்தும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். முதல் பீரியடில் தலைப்பு எதுவும் சொல்லாதீர்கள். மேசைமேல் மூன்று பொருள் வையுங்கள்: அடியில் வெள்ளையாக உப்புப் படிந்த பழைய தண்ணீர்ப் பாத்திரம், தெருப் பம்பில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர், கேன் தண்ணீர் ஒரு பாட்டில். ‘இதைப் பார்த்து உங்களுக்குத் தோன்றுவதை எல்லாம் கேள்வியாக எழுதுங்கள்’ என்று ஆறு நிமிடம் கொடுங்கள். முதலில் தனித்தனியாகச் சீட்டில், பெயர் போடாமல். பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து சீட்டுகளை ஒன்றாக்கட்டும். விதிகள் கறாராக இருக்கட்டும்: யாரும் பதில் சொல்லக் கூடாது, எந்தக் கேள்வியையும் நல்லது என்றோ அசட்டுத்தனம் என்றோ சொல்லக் கூடாது, பிள்ளை எழுதியதை நீங்கள் ‘நல்ல தமிழில்’ திருத்தக் கூடாது. மூன்றாவது விதியை மீறுவது பெரும்பாலும் ஆசிரியர்தான். ‘தண்ணி ஏன் சப்புன்னு இருக்கு’ என்பதை ‘நீரின் சுவையற்ற தன்மைக்குக் காரணம் யாது’ என்று மாற்றி எழுதிய நொடியில் அந்தக் கேள்வி உங்களுடையதாகிவிடுகிறது.

பேசாத பிள்ளைகளின் கேள்விகளும் சீட்டில் வந்துவிடும். வாய்மொழியாகக் கேட்கும் இடங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் கண்டார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வாய் திறக்காமல் இருந்தவர்களும் பேசினார்கள். மூன்று நொடி அமைதி வகுப்பில் யுகம்போல் இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள்.

அடுத்த பீரியடில் கேள்விகளை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திறந்தால் கிடைப்பது ஒன்று, நம்மால் அளந்தோ எண்ணியோ பார்க்கக்கூடியது ஒன்று, இப்போதைக்கு நம் கைக்கு எட்டாதது ஒன்று. வாரம் ஒரு பீரியடாக இதற்கு எட்டு வாரம் ஆகும்; அந்த எட்டு வாரமும் நடுக் குவியலில்தான் இருக்கிறது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றாவது குவியலுக்கு ஓடும். அவற்றை நடுவுக்கு இழுத்து வர வேண்டும். இப்படி:

“டீச்சர், எங்க வீட்டுப் பம்புத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது. ஏன்?”

“எந்தத் தண்ணியில வேகுது?”

“கேன் தண்ணியில வேகுதுன்னு அம்மா சொல்லுது.”

“அம்மா சொல்றது சரியான்னு பாக்கணும்னா என்ன செய்வே?”

“ரெண்டு தண்ணியிலயும் பருப்பு போட்டுப் பாக்கணும்.”

“வெந்துருச்சுன்னு எப்படிச் சொல்லுவே?”

இந்தக் கடைசிக் கேள்வியில் பிள்ளை திணறும். திணறட்டும். ‘வெந்தது’ என்பதற்கு அவளே ஓர் அளவுகோல் கண்டுபிடித்தாக வேண்டும். ‘பத்து பருப்பை எடுத்து விரலால நசுக்கணும், எட்டு மசிஞ்சா வெந்துச்சு’ என்று அவளோ அவள் குழுவோ சொல்லும்போது ஆய்வு தொடங்கிவிட்டது. கேள்வி குறுகிவிட்டதே, சுதந்திரம் போய்விட்டதே என்று கவலைப்படாதீர்கள். அகலமான கேள்வியில் பிள்ளை எடுக்கிற முடிவு பிரிண்டின் நிறம் மட்டும்தான். குறுகிய கேள்வியில் எவ்வளவு பருப்பு, எவ்வளவு தண்ணீர், எப்போது எடுத்துப் பார்ப்பது, எத்தனை முறை செய்வது என்று இருபது முடிவுகளை அவளே எடுக்கிறாள்.

செய்முறையில் எங்கே சறுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாது. 50 கிராம் துவரம்பருப்பு, அரை லிட்டர் தண்ணீர், மூடி போட்ட சாதாரணப் பாத்திரம்; குக்கர் வேண்டாம், உள்ளே நடப்பது தெரியாது. தண்ணீர் கொதித்த பிறகு பருப்பைப் போட்டு, அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துப் பருப்பைக் கரண்டியில் எடுத்து ஆறவைத்து நசுக்கிப் பார்க்கலாம். அரை மணிக்கு மேல் ஆகலாம். அடுப்பருகில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். முதல் முறை அநேகமாகச் சொதப்பும். இரண்டு பாத்திரத்தை இரண்டு பர்னரில் வைப்பார்கள். பெரிய பர்னரில் இருந்தது முந்திக்கொள்ளும். ஒன்றில் வீட்டுப் பருப்பு, இன்னொன்றில் கடையில் வாங்கியது. பழைய பருப்பு எந்தத் தண்ணீரிலும் தாமதமாகத்தான் வேகும். ஒன்றுக்கு மூடி போட மறந்திருப்பார்கள். முடிவு குழம்பி வரும்போது, ‘எதை மாத்தினீங்க, எதை மாத்தாம வச்சீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரே பர்னரில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பொட்டலத்துப் பருப்பில், மூன்று முறை என்ற வடிவத்துக்கு அவர்களே வந்துசேர்வார்கள். இரண்டாம் வாரத்தில் நீங்களே இந்த வடிவத்தைக் கையில் கொடுத்திருந்தால், அது பாடநூல் சோதனைபோல மூன்று வரியாக எழுதப்பட்டு மறந்துபோயிருக்கும்.

இன்னொரு குழு சோப்பு வழியில் போகட்டும். பம்புத் தண்ணீர், கேன் தண்ணீர், கிடைத்தால் மழைத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் 20 மில்லி ஒரே மாதிரி பாட்டில்களில். ஒரு கிராம் சோப்பைச் சீவி 100 மில்லி மழை நீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ கரைத்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் பத்து நொடி குலுக்கி, ஒரு நிமிடம் அடங்காமல் நிற்கும் நுரைக்கு எத்தனை சொட்டு ஆனது என்று எண்ண வேண்டும். அதிகச் சொட்டு குடித்த தண்ணீர்தான் கடின நீர், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாகக் கரைந்தது. இங்கே ஒரு பொறி உண்டு. துணி துவைக்கும் தூளோ டிடர்ஜென்ட் கட்டியோ எடுத்தால் எல்லாத் தண்ணீரும் நுரைக்கும், வித்தியாசமே தெரியாது. டிஎஃப்எம் (சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் சதவீதம்) அச்சிட்ட குளியல் சோப்பு, அதிலும் 76ஓ அதற்கு மேலோ இருப்பது வேலைக்கு ஆகும். ஏதாவது ஒரு குழு டிடர்ஜென்ட் எடுத்தால் தடுக்காதீர்கள். இரண்டு குழுவின் முடிவும் முட்டிக்கொள்ளும் அந்த நாள் வகுப்பு சூடுபிடிக்கும்.

கடலோர ஊர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘உப்பாக இருக்கும் தண்ணீர்தான் கடின நீர்’ என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைக்கிறார்கள். சாப்பாட்டு உப்பு கரைந்தால் உவர்க்கும். பருப்பின் செல் சுவரை இறுக்கி வேகவிடாமல் செய்வது கால்சியமும் மெக்னீசியமும். இரண்டும் ஒரே தண்ணீரில் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். தட்டில் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவைத்து மிஞ்சிய படிவை எடை போடுகிறேன் என்று ஒரு குழு கிளம்பும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த தண்ணீரில்கூட, 200 மில்லி காய்ந்தால் மிஞ்சுவது 0.2 கிராம்தான். பள்ளித் தராசுக்கு அது தெரியாது. கண்ணால் ஒப்பிட்டு, படம் வரைந்து வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாக் கேள்வியும் குழாயோடு நின்றுவிட வேண்டியதில்லை. ‘தண்ணி பிடிக்க ஏன் எப்பவும் பொண்ணுங்களே வர்றோம்?’ என்று ஒரு சீட்டு வந்தால் அதை மடித்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். அதுவும் எண்ணக்கூடியதே. ஐந்து நாள், காலை ஆறிலிருந்து ஏழு வரை, பம்படிக்கு வந்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று கோடு போட்டு எண்ணலாம். யார் பெயரையும் எழுதக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எண்ணிக்கை வந்த பிறகு அந்தச் சிறுமி வீட்டில் பேசுகிற தொனி மாறலாம். ‘எப்பவும்’ என்று சொன்னவள் ‘அஞ்சு நாள்ல இத்தனை பேர்ல இத்தனை பேர்’ என்று சொல்லப் பழகுவது சின்ன விஷயமில்லை.

குழுவில் ஒருவர் மட்டும் வேலை செய்வது, குழு பெரிதாக இருப்பதாலும் பொறுப்புகள் மாறாததாலும் வருகிறது. நான்கு பேருக்கு மேல் வேண்டாம், மூன்று பேர் நல்லது. அளப்பவர், எழுதுபவர், சந்தேகம் கேட்பவர் என்று மூன்று வேலை. வாரம் ஒருமுறை சுழல வேண்டும். கையெழுத்து அழகாக இருப்பதால் ஒரே பெண் எட்டு வாரமும் எழுதிக்கொண்டிருப்பதை எத்தனையோ வகுப்புகளில் பார்க்கலாம். சார்ட் கடைசி வாரம் வரை கூடாது. அதற்குப் பதில் குழுவுக்கு ஒரு 80 பக்க நோட்டு, பென்சில் கூடாது, பேனாவில்தான். தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், தாளைக் கிழிக்கக் கூடாது. முதல் பக்கத்தில் தேதி போட்டு அவர்கள் ஊகம். அது எழுதிய பிறகுதான் போனையோ பிரவுசிங் சென்டரையோ தொடலாம். தடை செய்தால் ஒளித்துச் செய்வார்கள். வரிசையை மாற்றினால் போதும், சொந்த ஊகம் கையில் இருக்கும் பிள்ளை இணையத்தில் வாசிப்பதோடு சண்டை போடும்.

நேரக் கணக்குக்கு வாரம் ஒரு பீரியட், எட்டு வாரம். கேள்விக்கு இரண்டு, முன்னோட்டச் சோதனைக்கு ஒன்று, திருத்திய சோதனைக்கு மூன்று, குழுக்கள் ஒன்றையொன்று குடைந்து கேட்பதற்கு ஒன்று, எழுதி முடிக்க ஒன்று. அடுப்பு வேலை நீளும், அதைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வைக்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘நீர்’ அலகில் கடின நீர் எப்படியும் வருகிறது; அந்த அலகுக்கு ஒதுக்கிய பீரியட்களில் பாதி இதிலேயே கழிந்துவிடும். தலைமையாசிரியரிடம் இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பாடம் முடியும் என்று தெரிந்தால் அவர் மறுக்க மாட்டார். உங்கள் ஒன்றியத்தில் வானவில் மன்றத்தின் (அரசுப் பள்ளிகளுக்குச் சென்று அறிவியல், கணிதச் சோதனைகள் செய்துகாட்டும் திட்டம்) கருத்தாளர் வந்துபோனால், அவர் வரும் நாளைத் திருத்திய சோதனை நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

வளரறி (அ) பகுதியின் செயல்பாட்டு மதிப்பெண்ணில் இதைச் சேர்க்கலாம். 20க்குக் கணக்கிட்டால் என் கணக்கு இது: கேள்வியை அளக்கக்கூடியதாக ஆக்கியதற்கு 4, முறைக்கு 6, குறிப்பேட்டுக்கு 6, தங்கள் முடிவு எவ்வளவு நம்பத்தகுந்தது என்று அவர்களே எழுதியதற்கு 4. விடை ‘சரியாக’ வந்ததற்கு மதிப்பெண் இல்லை. ஒரு மதிப்பெண் வைத்தாலும் அளவுகளைத் திருத்தி எழுதத் தொடங்கிவிடுவார்கள். மூன்று முறையும் 25, 25, 25 நிமிடம் என்று வந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பரிசு வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் பார்த்தார்கள்: படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்பே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த சான்றிதழ் அப்படிக் கெடுக்கவில்லை. ஆகவே பாராட்ட வேண்டுமென்றால் கடைசியில், முன்னறிவிப்பு இல்லாமல். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஒரு குழுவை அனுப்பலாம். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது, தமிழிலேயே அளிக்கலாம். அனுப்பும் அவசரத்தில் நீங்கள் உட்கார்ந்து அறிக்கையை எழுதிவிடுவதுதான் அங்கே வரும் ஆபத்து. நடுவர் ஒரு கேள்வி கேட்டால் அது வெளுத்துவிடும், அந்தப் பிள்ளை கூசிப்போய் நிற்கும்.

என்ன வளர்ந்தது என்பதைத் தேர்வு வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நோட்டில் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக மூன்று வரி எழுதட்டும்: செய்தது என்ன, எது தப்பாகப் போனது, அடுத்து என்ன. முதல் வாரத்தில் இரண்டாவது வரி காலியாக இருக்கும், அல்லது ‘எல்லாம் நன்றாக நடந்தது’ என்றிருக்கும். ஆறாவது வாரத்தில் ‘நாங்க நினைச்சது தப்பு, பம்புத் தண்ணியிலும் சோடா உப்பு போட்டா வெந்துச்சு’ என்று வந்தால் அதைவிடப் பெரிய வளர்ச்சியை நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். பதிமூன்று வயதில், நண்பர்கள் பார்க்க, ‘நான் நினைத்தது தப்பு’ என்று பேனாவில் எழுதத் துணிவு வேண்டும். முதல் வார நோட்டையும் ஆறாம் வார நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பிள்ளையிடமே காட்டுங்கள். வித்தியாசத்தை அவனே சொல்லட்டும். இரண்டாவது வரி எட்டு வாரமும் காலியாகவே இருந்தால், அந்த வகுப்பில் தப்பு செய்தவன் எங்கோ திட்டு வாங்குகிறான் என்று பொருள். உங்கள் குரலையும் ஒருமுறை கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வந்த ஒன்பது சார்ட்டுகளைக் கழற்ற வேண்டாம், வேலைக்கு ஆகும். வரும் வாரம் ஒவ்வொரு குழுவும் தன் சார்ட்டிலிருந்து, நம் ஊரில் நாமே பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தேடி அடிக்கோடு போடட்டும். வெப்பமயமாதல் குழுக்கள் வகுப்பின் ஓட்டுக்கூரைக்குக் கீழேயும் வேப்ப மரத்தடியிலும் மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானியைத் தொங்கவிடலாம். பிளாஸ்டிக் குழுக்கள் பள்ளி வாசல் பெட்டிக்கடைக் குப்பையை ஒரு வாரம் எண்ணலாம். எரிமலைக் குழுக்களுக்கு வாக்கியம் எதுவும் சிக்காது. அவர்களிடம், ஒரு ஸ்பூன் சோடா உப்புக்கு எத்தனை ஸ்பூன் வினிகர் ஊற்றினால் நுரை மிக உயரமாக எழும் என்று கேட்டுவிட்டு, ஒரு ஸ்கேலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.